புறவெப்பநிலை உணரியும் அதன் பிழைகளும்

இக்காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில், சாரதியின் முன்னுள்ள முகப்புப் பலகையிலே, வண்டியின் வேகம், தாங்கியில் எஞ்சியுள்ள எரிபொருள், கடந்த தூரம் ஆகியவற்றோடு புறத்தேயுள்ள காற்றின் வெப்பநிலையும் எண்ணுருவிலே தோன்றுகின்றது. அவ்வெண்ணைப் பெரும்பாலோர் ஓர் அலங்காரமாகவே கருதுவர். வெயிலின் கொடுமையை மேனியே அறிவிக்கும்போது அதனை எண்ணாற் கூறுவதனாற் பயன் யாது என வினாவுவாரும் உளர். ஆயின், அவ்வெண் அலங்காரம் அன்று. அது பிழைபடுமிடத்து வெப்பநாட்டிலே வண்டியின் குளிரூட்டி இயங்காது நின்றுவிடுதல் கூடும். குளிர்நாட்டிலோ உயிர்க்கே இடர் நேருதல் கூடும். அவ்வெண்ணைப் பிறப்பிக்கும் சிறு கருவி எங்ஙனம் இயங்குகின்றது, எவ்வெவ்வாறு பிழைபடுகின்றது, அப்பிழையை எம்முறையாற் கண்டு நீக்கலாம் என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

முதற்கண் அதன் பயனை நோக்குதல் வேண்டும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மாரிகாலத்திலே தெருவிற் படிந்த ஈரம் உறைந்து கண்ணுக்குத் தோன்றாத மெல்லிய பனிக்கட்டிப் படலமாகிவிடும். அதன்மேற் செல்லும் சில்லுகள் பிடிப்பை இழந்து வழுக்கும். தடையை மிதித்தாலும் வண்டி நில்லாது, திருப்பினும் திரும்பாது. இவ்விடரை முன்னரே உணர்த்தும்பொருட்டு, புறவெப்பநிலை 3 அல்லது 4 பாகை சதமவளவைக்கு இறங்கியவுடன் எச்சரிக்கும்படி பல வண்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. நீர் உறைவது 0 பாகையிலன்றோ, எச்சரிக்கை முன்னதாக எழுவது ஏன் எனின், தெருவின் மேற்பரப்பு காற்றினுங் குளிர்ந்திருத்தல் இயலும் என்பதே விடை. முகிலற்ற இரவிலே நிலம் தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி இழந்து, தன்மேலுள்ள காற்றினும் விரைவிற் குளிர்கின்றது. பாலங்களோ மேலும் கீழும் காற்றினாற் சூழப்பட்டு, மண்ணின் வெப்பத்தைப் பெறாமையால், ஏனைய தெருவினும் முந்தி உறைகின்றன. ஆகவே 3 பாகை என்னும் எண் ஓர் எச்சரிக்கை. 10 பாகை என்னும் எண் ஓர் அபயவாக்கு. அவ்வாக்குப் பொய்யாயின் விளைவது யாதென்பது வெளிப்படை.

வெப்பநாட்டில் அவ்வெண்ணின் பயன் வேறு. தானாக இயங்கும் குளிரூட்டி, உள்ளே செலுத்தவேண்டிய குளிர்ச்சியின் அளவைப் புறவெப்பநிலையையும் கொண்டே கணிக்கின்றது. பல வண்டிகளிலே, புறவெப்பநிலை உறைநிலையை அணுகுமாயின் கொம்பிரசர் இயங்காதவாறு கணினி தடுத்துவிடும். கடுங்குளிரில் அது பழுதடையாமற் காத்தற்பொருட்டே இவ்வேற்பாடு. யாழ்ப்பாணத்துக் கோடைவெயிலிலே ஓடும் யப்பானிய வண்டியொன்றின் உணரி பழுதுற்று, வெளியே பனி பெய்கின்றது எனக் கணினிக்கு அறிவிக்குமாயின், கணினி தன் விதிப்படி கொம்பிரசரை நிறுத்திவிடும். உரிமையாளர் குளிர்வாயு குறைந்ததெனக் கருதி வாயு நிரப்புவார். கொம்பிரசரையே மாற்றவும் முற்படுவார். பழுதோ பெருவிரலளவினதாகிய ஓர் உணரியில் இருக்கும்.

அவ்வெண் சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டதும் உண்டு. சில டீசல் வண்டிகளின் புகைத் தூய்மையாக்கம், புறவெப்பநிலை 15 முதல் 33 பாகை வரை உள்ளபோதே முழுமையாக நிகழுமாறு மென்பொருளால் வரையறுக்கப்பட்டிருந்தது. அத்தகைய அமைப்புப் பொதுவிதியாக விலக்கப்பட்டதே என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி தீர்ப்பளித்தது. புறவெப்பநிலை வெறும் செய்தியாக நில்லாது வண்டியின் செயலையே ஆளுகின்றது என்பதற்கு இஃதொரு சான்று.

இனிக் கருவியின் இயல்பைக் காணலாம். பழைய வெப்பமானியிலே இரசம் விரிந்து உயர்வதைக் கண் நேரே காண்கின்றது. வண்டியின் உணரியில் விரிவதும் உயர்வதும் யாதும் இல்லை. அதனுள் இருப்பது தேர்மிஸ்டர் எனப்படும் குறைகடத்தித் துண்டு. செம்பு முதலிய உலோகங்களின் மின்தடை வெப்பம் ஏற ஏறக் கூடும். இதற்கு மாறாக, வெள்ளிச் சல்பைட்டின் தடை வெப்பம் ஏற ஏறக் குறைவதை மைக்கேல் பரடே 1833ஆம் ஆண்டிற் கண்டார். நெடுங்காலம் ஆய்வுகூட விந்தையாக இருந்த அவ்வியல்பு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னரே பயன்படு கருவியாக உருப்பெற்றது. இன்று உலோக ஒட்சைட்டுக்களைக் கலந்து சுட்டுச் செய்யப்படும் தேர்மிஸ்டர்கள் மிக மலிவானவை.

வண்டிக்கு வண்டி அளவுகள் வேறுபடுமாயினும், பெருவழக்கான ஒரு வகையை எடுத்துக்கொள்ளலாம். அதன் தடை 25 பாகையில் 10 கிலோ ஓம். 10 பாகையில் ஏறத்தாழ 20 கிலோ ஓம். 0 பாகையில் ஏறத்தாழ 32.6 கிலோ ஓம். 40 பாகையிலோ 5.3 கிலோ ஓம் மாத்திரமே. குளிரிலே தடை விரைவாக ஏறுவதும், வெப்பத்திலே மெல்ல இறங்குவதும் கருதத்தக்கன. இத்தேர்மிஸ்டரோடு மாறாத் தடையொன்றைத் தொடராக இணைத்து, இரண்டிற்கும் 5 வோல்ற்று அழுத்தத்தைக் கணினி கொடுக்கின்றது. மாறாத் தடை 10 கிலோ ஓம் ஆயின், உணரியின் இருமுனைகளுக்கிடையே 25 பாகையில் 2.5 வோல்ற்றும், 0 பாகையில் ஏறத்தாழ 3.8 வோல்ற்றும், 40 பாகையில் ஏறத்தாழ 1.7 வோல்ற்றும் தோன்றும். கணினி அவ்வழுத்தத்தை அளந்து, தன் நினைவிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, அதற்குரிய பாகையைப் பலகையில் எழுதுகின்றது.

ஆகவே, கணினி வெப்பத்தை அறிவதில்லை. மின்னழுத்தத்தை அறிந்து அதனால் தடையையும், தடையால் வெப்பத்தையும் கருதிக்கொள்கின்றது. சைவ சித்தாந்த நூலார் அறிவின் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். மலையிலே புகை கண்டவிடத்து அங்கு நெருப்பு உண்டெனத் துணிதல் கருதலுக்குக் காட்டப்படும் உதாரணம். பலகையில் தோன்றும் எண் காட்சிபோலத் தோன்றினும் உண்மையில் இவ்வகைக் கருதலேயாம். இங்கே தடை புகை, வெப்பநிலை நெருப்பு. இவ்வொப்புமை பிழைகளைப் பாகுபடுத்தவும் பெரிதும் உதவுகின்றது. கருதல் இரு வழியாற் பிழைக்கலாம். புகையும் நெருப்பும் மெய்யாயிருந்தும், நெருப்பு இருப்பது வேறொரு மலையாதல் ஒன்று. புகையென்று கொள்ளப்பட்டது புகையாகாது மூடுபனியாதல் மற்றொன்று. பின்னதனைத் தருக்க நூலார் ஏதுப்போலி என்பர். உணரியின் பிழைகளும் இவ்விரண்டனுள் அடங்கும்.

முதலாவது வகை இடத்தாலாகும் பிழை. காற்றின் வெப்பநிலையைச் செவ்வனே அளத்தற்கு வெப்பமானி நிழலிலும், காற்றோட்டத்திலும், நிலத்தின் வெப்பம் தாக்காத உயரத்திலும் இருத்தல் வேண்டும். இதன்பொருட்டே வானிலை நிலையங்களில், தோமஸ் ஸ்ரீவன்சன் என்னும் ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த, வெண்ணிறம் பூசிய சாய்தட்டுப் பெட்டி அமைக்கப்படுகின்றது. வண்டியில் அத்தகைய இடம் கிடைத்தல் அரிது. பெரும்பாலான வண்டிகளில் உணரி முன்பம்பரின் பின்னே, றேடியேற்றருக்கு முன்னே அமைந்திருக்கும். சிலவற்றிற் பக்கக் கண்ணாடியின் அடியிலே இருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதனைத் தழுவுவதால் அது உண்மை கூறும். வண்டி நின்றதும் றேடியேற்றரின் வெப்பமும் தார்த்தெருவின் அனலும் அதனைச் சூழ, எண் படிப்படியாக உயரும். உணரியிற் குற்றமில்லை, அது தான் இருக்குமிடத்தின் வெப்பத்தையே கூறுகின்றது. நெருப்பு வேறு மலையில் உள்ளது.

இதனை வண்டி செய்வோரும் அறிவர். எனவே பல வண்டிகளிலே, வண்டி நிற்கும்போதும் மெதுவாகச் செல்லும்போதும் எண் ஏறாதவாறு கணினி தடுத்துவைக்கும்; இறங்குவதாயின் உடனே ஏற்கும். பொறி சூடாயிருக்கும்போது மீண்டும் இயக்கினால், முன்னர்ப் பதிந்த எண்ணையே சிறிது நேரம் காட்டும். இவ்வியல்பை அறியாதார், புதிய உணரியைப் பொருத்திய பின்னரும் பழைய எண்ணே தோன்றுவதைக் கண்டு புதியதும் பழுதெனத் துணிவர். சில கிலோமீற்றர் சீரான வேகத்தில் ஓடிய பின்னரே எண்ணை நோக்குதல் முறை.

இடத்தாலாகும் பிழையில் உண்மையான பழுதும் ஒன்று உண்டு. சிறு மோதலின் பின் பம்பரைக் கழற்றிப் பூட்டுவோர், உணரியை அதன் கொளுவியில் மீளப் பொருத்தாது கம்பியில் தொங்கவிடுவதுண்டு. அவ்வாறு தொங்கும் உணரி றேடியேற்றரை அணுகி, ஓட்டத்திலும் மிகைவெப்பம் காட்டும். இதற்கு வேண்டுவது புதிய உணரியன்று, பழைய இடமே.

இரண்டாவது வகை, தடை வெப்பத்தாலன்றிப் பிறிதொன்றால் மாறுதல். இவ்வகையில் முற்றாக நேரும் பழுதுகளை அறிதல் எளிது. கம்பி அறுந்தாலும் பிளக் கழன்றாலும் தடை எல்லையற்றதாகி, உணரிமுனைகளில் 5 வோல்ற்றும் தோன்றும். மிகைத்தடை மிகைக்குளிரைக் குறிக்குமாதலின், கணினி தன் அட்டவணையின் கீழெல்லைக்குச் சென்று −40 பாகை என்பது போன்ற எண்ணைக் காட்டும். சதமவளவையிலும் பரனைற்று அளவையிலும் ஒன்றாய் அமையும் எண் இதுவே என்பது மாணவர் அறிதற்பாலது. இரு கம்பிகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளின் அழுத்தம் 0 ஆகி, எண் மேலெல்லைக்குச் செல்லும். இத்தகைய எல்லை எண்களைக் கண்டவுடன் சில வண்டிகள் எண்ணுக்குப் பதிலாகக் கோடுகளைக் காட்டிப் பழுதைத் தம் நினைவிற் பதிந்துகொள்ளும். கொதிக்கும் தெருவிலே −40 எனக் கூறும் கருவியை எவரும் நம்பார். ஆதலின் முற்றாகக் கெட்ட உணரி, பயனற்றதாயினும், எவரையும் ஏமாற்றுவதில்லை.

ஏமாற்றுவது சிறிது கெட்ட உணரியே. பிளக்கின் உலோக முனைகளிற் களிம்பு ஏறியதாகக் கொள்வோமாயின், அக்களிம்பு 2 கிலோ ஓம் தடையைத் தொடராகச் சேர்த்துவிடலாம். உண்மை வெப்பநிலை 0 பாகையாயின், 32.6 கிலோ ஓம் 34.6 ஆகின்றது, எண் ஏறத்தாழ ஒரு பாகையளவே தாழும். அதே களிம்பு 40 பாகை வெயிலில், 5.3 கிலோ ஓமை 7.3 ஆக்குகின்றது, பலகையோ ஏறத்தாழ 32 பாகை எனக் காட்டும். பழுது ஒன்றே, பிழையோ குளிரில் ஒரு பாகை, வெப்பத்தில் எட்டுப் பாகை. தடை பெரிதாயிருக்கும் குளிரிலே 2 கிலோ ஓம் சிறுபங்கு. தடை சிறிதாயிருக்கும் வெப்பத்திலே அது பெரும்பங்கு என்பதே காரணம்.

இதற்கு நேர்மாறானது ஈரத்தாலாகும் ஒழுக்கு. உணரியின் உறை வெடித்தோ, பிளக்கின் இறப்பர் மூடி கழன்றோ, தெருவின் நீரும் உப்பும் இருமுனைகளுக்கிடையே புகுமாயின், மின்னோட்டத்துக்குப் பக்கவழி ஒன்று பிறக்கும். அவ்வழியின் தடை 50 கிலோ ஓம் ஆயின், 40 பாகையில் எண் ஏறத்தாழ இரண்டரைப் பாகையே உயரும். வெப்பநாட்டார் அதனைக் கவனியார். ஆயின் 0 பாகையிலோ, 32.6 கிலோ ஓமும் 50 கிலோ ஓமும் சமாந்தரமாய் இணைந்து ஏறத்தாழ 19.7 கிலோ ஓம் ஆகின்றன. அது 10 பாகைக்குரிய தடை. தெரு உறைந்துகொண்டிருக்க, பலகை 10 பாகை எனக் காட்டி நிற்கும், எச்சரிக்கை எழாது. பனிக்கட்டி கரைவதற்குத் தெருவில் உப்பிடும் நாடுகளிலே, எப்பருவத்தில் எச்சரிக்கை மிக வேண்டப்படுகின்றதோ அப்பருவத்திலேயே உப்புநீர் புகுந்து இவ்வொழுக்கை உண்டாக்கவல்லது. −40 எனக் கூறும் உணரியினும் 10 எனக் கூறும் இவ்வுணரியே அஞ்சற்பாலது.

எனவே, எண் பிழையென்று கண்டவிடத்துப் பிழையின் அளவை மாத்திரம் நோக்குதல் போதாது. அது எப்பொழுது மிகுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். வெயிலிலே மிகுந்து, குறைவெப்பம் காட்டும் பிழை களிம்பைச் சுட்டும். குளிரிலே மிகுந்து, மிகைவெப்பம் காட்டும் பிழை ஈரத்தைச் சுட்டும். நிற்கும்போது மிகுந்து, ஓடும்போது நீங்கும் பிழை இடத்தைச் சுட்டும். பள்ளந்திட்டிகளிலே துள்ளித் துள்ளி மாறும் எண் தளர்ந்த இணைப்பைச் சுட்டும்.

பரிசோதனையின் ஒழுங்கும் இவற்றை அடியொற்றியதே. முதலாவது சோதனைக்குச் செலவில்லை. வண்டியை இரவு முழுவதும் நிழலில் நிறுத்தி, காலையிற் பொறியை இயக்குமுன் எண்ணை நோக்குதல் வேண்டும். அந்நேரத்தில் வண்டியின் உறுப்புக்கள் யாவும் காற்றின் வெப்பநிலையை அடைந்திருக்கும். நம்பத்தக்க வெப்பமானியொன்றை அருகில் வைத்து ஒப்பிடலாம். ஸ்கானர் கிடைக்குமாயின், பொறிக்குட் புகும் காற்றின் உணரி, குளிராக்கும் நீரின் உணரி ஆகியவற்றின் எண்களையும் பெறலாம். இதற்கான பரிசோதனை வாயில், ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதலாகவும், ஐரோப்பிய ஒன்றியத்துப் புதிய பெற்றோல் வண்டிகளில் 2001ஆம் ஆண்டு முதலாகவும் சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ளது. மூன்று உணரிகளும் சிறு வேறுபாட்டுடன் ஒத்துரைக்குமாயின் புறவுணரி நல்லது. இரண்டு ஒத்து, ஒன்று முரணுமாயின் முரணியதே ஐயத்துக்குரியது.

இரண்டாவது சோதனை பழுது கம்பியிலா உணரியிலா என்பதைத் தெளிவிக்கும். உணரி இரு கம்பிகளையுடைய தேர்மிஸ்டர் வகையே என்பதை வண்டியின் திருத்துநூலால் முதலில் உறுதிசெய்தல் வேண்டும். வேறுவகை உணரிகளுக்கு இச்சோதனை பொருந்தாது. பிளக்கைக் கழற்றியவுடன் எண் கீழெல்லைக்கோ கோடுகளுக்கோ செல்லுதல் வேண்டும். பின்பு கம்பிப் பக்கத்து இருமுனைகளையும் சிறு கம்பித்துண்டால் இணைத்தால் மேலெல்லைக்குச் செல்லுதல் வேண்டும். கணினியினுள்ளேயுள்ள மாறாத் தடை, ஓடும் மின்னோட்டத்தை அரை மில்லியம்பியரளவில் அடக்கிவிடுமாதலின் இதனாற் கேடில்லை. இரண்டிற்கும் எண் ஏற்றவாறு மாறுமாயின் கம்பியில் அறுதலோ தொடுதலோ இல்லை என்பதும், கணினி செவ்விதின் இயங்குகின்றது என்பதும் துணிபு. மாறாதாயின் உணரியை வாங்குதல் வீண்செலவு. கம்பி வழியே சென்று அறுந்த இடத்தைத் தேடுதல் வேண்டும். கணினி எண்ணைத் தாமதித்து மாற்றும் வண்டிகளில் இச்சோதனைக்குப் பொறுமையும் தேவை.

மூன்றாவது, உணரியையே சோதித்தல். தூய நீரிற் செய்த பனிக்கட்டியை நொறுக்கிச் சிறிது நீருடன் கலந்து கிளறினால், அக்கலவை 0 பாகையில் நிலைபெறும். பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் வெப்பமானியைச் சரிபார்ப்பதும் இவ்வாறே. உணரியை மெல்லிய பிளாஸ்ரிக் உறையிலிட்டு, முனைகள் நனையாதவாறு அக்கலவையில் அமிழ்த்தி, சில நிமிடங்களின் பின் மல்ரிமீற்றரால் தடையை அளந்து, திருத்துநூல் தரும் எண்ணுடன் ஒப்பிடலாம். பின்பு உள்ளங்கையிற் பொத்திவைத்தால் தடை தாவாது, சீராக இறங்குதல் வேண்டும். இவ்விரண்டிலும் தேறிய உணரியைக் கழித்தல் அறியாமை. அதன் பிளக்கின் முனைகளைத் துப்புரவு செய்து, ஈரம் புகாதவாறு மூடுதலே பரிகாரம்.

உணரி உண்மையிற் கெட்டதாயின் அவ்வண்டிக்கு உரியதையே பொருத்துதல் வேண்டும். உருவத்தால் ஒத்த உணரிகள் தடையால் ஒவ்வாதிருத்தல் உண்டு. 25 பாகையில் 10 கிலோ ஓம் ஆகவேண்டிய இடத்தில் 5 கிலோ ஓம் வகையைப் பொருத்தினால், கணினி ஏறத்தாழ 42 பாகை எனக் காட்டும். புதிய கருவி, பழுதற்ற கருவி. ஆயினும் கணினியின் அட்டவணை அதற்குரியதன்று.

வெப்பநாடுகளிற் சிலர் மற்றோர் உபாயம் செய்வர். உணரி கெட்டுக் குளிரூட்டி நின்றவிடத்து, 10 கிலோ ஓம் மாறாத் தடையொன்றை உணரியின் இடத்தில் இணைத்துவிடுவர். கணினி என்றும் 25 பாகை என நம்பிக் கொம்பிரசரை இயக்கும். உரிய உணரி வந்து சேரும் வரை அது பொறுக்கத்தக்கதே. ஆயின் அதுவே நிலையாயின், எண் என்றும் மாறாது; குளிரூட்டியும் தன் கணிப்பை இழக்கும்; வண்டி கைமாறும்போது வாங்குவோர் அப்பொய்யையும் அறியாது உடன் வாங்குவர். நோயை நீக்காது நோயாளியின் வெப்பமானியைத் திருத்திவைத்தல் மருத்துவமாகாது. அத்தகைய வண்டி பனி உறையும் நாட்டில் ஓடுமாயின் அதன் விளைவு கூறவேண்டுவதில்லை.

கருவிகள் பெருகப் பெருக, மனிதன் நேரே கண்டறிவது குறைந்து, கருவி கருதிக் கூறுவதை ஏற்பது மிகுந்து வருகின்றது. அவ்வாறு ஏற்றல் தவறன்று. அதுவின்றி இக்கால வாழ்வு நடவாது. ஆயின் எண்ணென்று கண்டவுடன் நம்புதலும், ஒருமுறை பிழைத்தமையாற் கருவியையே எறிதலும் ஒருங்கே தகா. எவ்வேதுவால் அவ்வெண் பிறந்தது, அவ்வேது மெய்யா போலியா என ஆராய்தலே கற்றோர்க்கு உரியது. குளிர்நாட்டுச் சாரதி பலகையில் 10 பாகை கண்டும் புல்நுனியிலே வெண்பனி கண்டால், வேகத்தைக் குறைத்துச் செல்லுதல் வேண்டும். அவ்விடத்து வெண்பனி காட்சி. பலகையின் எண் கருதல். இரண்டும் முரணுமிடத்துக் காட்சிக்கு இடங்கொடுத்து, கருதலின் பிழையைப் பின்னர் ஆறுதலாக ஆராய்தலே அறிவுடைமை.